அறியா வினா

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள அண்ணன் மகளுக்கு,

அத்தை எழுதுவது.

நேற்று போனில் நீ கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்துவிட்டேன். 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் வந்தபோது நம் தெருத் திண்ணைகள் சாயங்காலப் பள்ளிக்கூடமானதைப் பார்த்தவள் நீ. இன்று நம் வீட்டுத் திண்ணையில் பதினைந்து பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறாய் என்று கேட்கும்போது நெஞ்சு நிறைகிறது. "வாட் இஸ் யுவர் நேம்னு கேட்டா எல்லாரும் கடகடன்னு சொல்றாங்க அத்தை. கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டா முழிக்கறாங்க. நான் என்ன பண்றது?" என்றாய். முப்பத்தொரு வருடம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நின்றவள் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் என் தவறு ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் காலை, வகுப்பில் நுழைந்ததும் வழக்கம்போல "ஹவ் ஆர் யூ சில்ட்ரன்?" என்றேன். வழக்கம்போல முப்பது குரல்கள் ராகம் போட்டு, "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ டீச்சர்" என்றன. பிறகு சிலேட்டுத் திருத்திக்கொண்டே வந்தேன். இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு சிறுமியின் கை என் கையில் பட்டது. கொதித்தது. "ஏஞ்சாமி, இப்படிக் காச்சலடிக்குதே, சொல்லக் கூடாதா?" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க கேக்கவே இல்லைங்களே டீச்சர்" என்றாள்.

கேட்டிருந்தேன் கண்ணு, அரை மணி நேரத்துக்கு முன்னால்தான். அவளும் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து பதில் சொல்லியிருந்தாள். ஆனால் அது ஒரு கேள்வி என்பதே அவளுக்குத் தெரியாது. வகுப்பு தொடங்கும்போது பாடுகிற பாட்டில் என் பங்கு முதல் வரி, அவள் பங்கு இரண்டாம் வரி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அப்படி நினைக்க வைத்தது நான்.

உன் திண்ணையில் நடப்பதும் இதுதான். உன் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராமல் இல்லை. கேள்வி என்றால் ஒருவருக்கு ஒன்று தெரியாமல் இருக்கிறது, அதை அவர் என்னிடம் எதிர்பார்க்கிறார் என்ற எண்ணம் அந்த மொழியில் இன்னும் அவர்களுக்கு வரவில்லை. அந்த எண்ணத்தை உண்டாக்குவதுதான் உன் முதல் வேலை. வார்த்தைகள் பின்னாலேயே வரும்.

இதற்கு வழி தேடி நீ எங்கேயும் போக வேண்டாம். பள்ளியில் படித்த நன்னூலை நினைத்துப் பார். பவணந்தி முனிவர் வினாவை ஆறாகப் பிரித்தார்: அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்த பட்டியல்தான். ஆனால் இங்கிலீஷ் கேள்வி பதில் சொல்லித் தருவதற்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் என் கண்ணில் பட்டதில்லை.

தனக்கு விடை தெரிந்திருந்தும் மாணவனுக்குத் தெரியுமா என்று பார்க்க ஆசிரியர் கேட்பது அறி வினா. பென்சிலைத் தூக்கிக் காட்டி "வாட் இஸ் திஸ்?" என்கிறோமே, அது. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. நம் இங்கிலீஷ் வகுப்புகளில் முதலாவது மட்டுமே நிரம்பி வழிகிறது. உன் கையில் இருப்பது பென்சில் என்று உனக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் அந்தக் கேள்வியில் அவனுக்கு என்ன அக்கறை இருக்கும்? அதே பென்சிலை ஒரு மஞ்சப்பைக்குள் போட்டு முடிந்து, ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துப் பார். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். "இஸ் இட் லாங்?" "இஸ் இட் ஹார்டு?" "கேன் வீ ஈட் இட்?" என்று கேள்விகள் பறக்கும். இன்று பென்சில், நாளை புளியங்கொட்டை, மறுநாள் வெங்காயம். பையை வைத்திருக்கும் பிள்ளைக்கு விடை தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் வாயைத் திறக்க வைக்கும்.

கூச்சப்படுகிற பிள்ளைக்கு ஐய வினாவைக் கொடு. "டூ யூ லைக் டீ ஆர் மில்க்?" என்று கேட்டால் விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்தால் போதும். சத்துணவு முட்டையில் மஞ்சள் கரு பிடிக்குமா, வெள்ளைக் கரு பிடிக்குமா என்று கேட்டுப் பார். வாயே திறக்காத பிள்ளைகூட "எல்லோ" என்று சொல்லிவிடும். ஆனால் "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பதற்கு முன் யோசி. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு ஒரே பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே உப்புமாவைத்தான் சாப்பிட்டிருப்பார்கள். முதல் பிள்ளை சொன்னதுமே அந்தக் கேள்வி அறி வினாவாகிவிடும்.

கொளல் வினாவுக்குக் கடை விளையாட்டு. தீப்பெட்டி, சோப்பு உறை, காலி பிஸ்கட் பாக்கெட் போதும். "டூ யூ ஹாவ் சோப்?" "ஹவ் மச் இஸ் இட்?" என்று கேட்டு வாங்கட்டும். கொடை வினாவுக்கு, கலர் பென்சில்களை ஒரே பிள்ளையிடம் கொடுத்து, "டூ யூ வான்ட் ரெட்?" என்று கேட்டுக் கேட்டுப் பங்கிடச் சொல். ஏவல் வினாவுக்குத் தனியாக நேரமே வேண்டாம். "கேன் யூ கிளீன் த போர்டு?" "கேன் யூ கால் யுவர் தம்பி?" என்று நாள் முழுக்க இருக்கிறது. தம்பி என்ற சொல் அதில் அப்படியே இருக்கட்டும். 'பிரதர்' என்றால் அண்ணனா, தம்பியா என்று பிள்ளைக்குக் குழப்பம் வரும். வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

விடைக்கும் நன்னூலில் எட்டு வகை உண்டு. நாம் வகுப்பில் அனுமதிப்பது ஆம், இல்லை என்ற இரண்டை மட்டும். அதையும் "யெஸ், ஐ டூ", "நோ, ஐ டோன்ட்" என்று முழுசாகச் சொன்னால்தான் ஒப்புக்கொள்கிறோம். "கேன் யூ ரன்?" என்று கேட்டால் ஒரு பிள்ளை "லெக் பெயின்" என்று சொல்லும். அது உற்றது உரைத்தல். "கேன் யூ ஸிங்?" என்றால் இன்னொன்று "டான்ஸ்!" என்று குதிக்கும். அது இனமொழி விடை. இரண்டும் கேள்வி புரிந்ததால் வந்த விடைகள். "ஃபுல் சென்டன்ஸ்ல சொல்லு" என்று அங்கே போய் நிற்காதே. "என்ன கலர் துணி எடுத்தீங்க?" என்று நாம் கேட்டால் யாராவது "நான் எடுத்த துணியின் நிறம் பச்சை" என்று சொல்கிறார்களா? "பச்சை" என்பார்கள். இங்கிலீஷ்காரரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

இனி, பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள், ஏன் இடறுகிறார்கள் என்று சொல்கிறேன். காரணம் தெரிந்தால் உனக்குக் கோபம் வராது.

"வாட் யுவர் நேம்?" என்று கேட்பார்கள். "திஸ் மை பேக்" என்பார்கள். இது மந்தபுத்தி இல்லை, தமிழ். 'உன் பெயர் என்ன?' 'இது என் பை.' இந்த இரண்டு வாக்கியத்திலும் வினைச்சொல்லே கிடையாது, தேவையும் இல்லை. இங்கிலீஷுக்கு அந்த 'இஸ்' இல்லாமல் வாக்கியம் நிற்காது. இன்னொன்று, தமிழில் எதைக் கேள்வியாக்க வேண்டுமானாலும் கடைசியில் ஓர் 'ஆ' போட்டால் போதும். பையா, வந்தாயா, அவனா. இங்கிலீஷில் சொற்கள் இடம் மாற வேண்டும். இதை வாயால் விளக்கினால் பிள்ளைக்குப் புரியாது, காலால் விளக்கு. நான்கு அட்டைகளில் 'திஸ்', 'இஸ்', 'யுவர்', 'பேக்' என்று இங்கிலீஷில் எழுதி நான்கு பிள்ளைகள் கையில் கொடுத்து வரிசையாக நிறுத்து. 'இஸ்' அட்டைக்காரி நடந்து போய் 'திஸ்' அட்டைக்காரனுக்கு முன்னால் நிற்கட்டும். கேள்வி பிறந்துவிட்டது.

அடுத்த நாள் 'யூ', 'லைக்', 'மேங்கோ'. இதில் முன்னால் போக 'இஸ்' இல்லை, 'ஆர்' இல்லை. எனவே வெளியே காத்திருக்கும் 'டூ' அட்டைக்காரன் ஓடிவந்து முதலில் நிற்பான். அதற்கடுத்த நாள் 'ஷீ', 'லைக்', 'மேங்கோ'. 'லைக்' பக்கத்தில் ஒரு பொடியன் 'எஸ்' அட்டையோடு ஒட்டிக்கொண்டு நிற்கட்டும். 'டூ' வந்ததும் இந்த 'எஸ்' பொடியன் 'லைக்'கை விட்டுவிட்டு ஓடிப்போய் 'டூ'வின் கையைப் பிடித்துக்கொள்வான், 'டஸ்' ஆகிவிடும். எழுத்தில் 'இ' ஒன்று கூடுவதைப் பெரிய வகுப்பில் பார்த்துக்கொள்வார்கள். என் வகுப்பில் இதை விளையாடிய பிள்ளைகள் 'டஸ் ஷீ லைக்ஸ்' என்று சொல்வது வெகுவாகக் குறைந்தது. 'எஸ்' ஏற்கெனவே முன்னால் போய்விட்டது என்று அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

எதிர்மறைக் கேள்வியில் இன்னொரு இடறல் உண்டு. "உனக்குப் பால் பிடிக்காதா?" என்றால் நாம் "ஆமா, பிடிக்காது" என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறோம். இங்கிலீஷில் அதே மனநிலைக்கு "நோ, ஐ டோன்ட்" என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளிடம் "டோன்ட் யூ" என்று தொடங்கும் கேள்வியே வேண்டாம். வேண்டாத குழப்பம்.

மூன்றாவது, மரியாதை. "வாட் இஸ் யுவர் நேம்?" என்று என்னைத் திருப்பிக் கேள் என்றால் பிள்ளைகள் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். பெரியவர்களிடம் பெயரைக் கேட்பதே தப்பு என்று வளர்ந்தவர்கள். அதிலும் 'யூ' என்றால் 'நீ' என்றே மனதில் பதிந்திருக்கிறது. அந்த ஒரு சொல்லில் 'நீங்க' என்பதும் இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிடு. நாம் 'ங்க' சேர்த்துக் காட்டுகிற மரியாதையை அவர்கள் 'ப்ளீஸ்' போட்டும் குரலைத் தணித்தும் காட்டுகிறார்கள் என்றும் சொல். உன்னை அவர்கள் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். டீச்சரிடம் வராத கேள்வி அக்காவிடம் வரும். அது உனக்குக் கிடைத்த பெரிய வசதி.

இதையெல்லாம் நான் மட்டும் சொல்லவில்லை. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில சாதாரணப் பள்ளிகளில் என்.எஸ். பிரபு என்ற ஆங்கில மொழிக் கல்வியாளர் ஒரு முயற்சி செய்தார். இலக்கணத்தை வரிசையாக நடத்துவதை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, அதில் விடை கண்டுபிடிக்க வேண்டிய வேலைகளைக் கொடுத்தார். மனம் பொருளைத் தேடிக்கொண்டிருக்கும்போது மொழி தானாகப் பிடிபடும் என்பது அவர் நம்பிக்கை. உலகம் முழுக்க ஆங்கிலம் கற்பிப்பவர்கள் இன்றும் அந்த முயற்சியைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர் சொன்ன முக்கியமான சொல் 'இடைவெளி'. அதில் ஒரு வகை, ஒருவரிடம் இருக்கும் தகவல் இன்னொருவரிடம் இல்லாத இடைவெளி. நம் அறியா வினா பிறக்கும் இடம் அதுதான்.

நம் ஊருக்கு ரயில் இல்லாவிட்டால் என்ன, பஸ் இருக்கிறது. ஒரு பிள்ளையின் தாளில் சத்தி பஸ், பவானி பஸ் நேரங்களை எழுது. இன்னொரு பிள்ளையின் தாளில் ஈரோடு பஸ், அந்தியூர் பஸ். இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, "வாட் டைம் இஸ் த பஸ் டு சத்தி?" என்று கேட்டுக் கேட்டுத் தன் தாளை நிரப்ப வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது. இப்படி ஜோடி ஜோடியாக உட்கார வைப்பதில் ஒரு கணக்கும் இருக்கிறது. முப்பது நிமிடத்தில் நீயே பதினைந்து பேரிடமும் கேட்டால் ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான், மற்ற இருபத்தெட்டு நிமிடம் அவர்கள் வாய் மூடியிருக்கும். ஜோடியாக விட்டால் அந்த அரை மணி நேரமும் எல்லோருக்கும் சொந்தம். சத்தம் வரும். வரட்டும். நம் திண்ணை தாங்கும்.

நீ கேட்கும்போது ஒன்றை மட்டும் கடைப்பிடி. கேட்டுவிட்டுக் காத்திரு. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்து ஒன்றைக் கண்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் காத்திருப்பது ஏறத்தாழ ஒரே ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக்கியபோது விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசினார்கள், பிள்ளைகள் திருப்பிக் கேட்கும் கேள்விகளும் கூடின. அது தாய்மொழியில் படிக்கும் பிள்ளைகளுக்கே. உன் பிள்ளைகள் கேள்வியைக் கேட்டு, தமிழில் புரிந்து, தமிழில் விடை நினைத்து, அதை இங்கிலீஷாக்கிச் சொல்ல வேண்டும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணு. அந்த ஐந்தும் உனக்கு நீளமாகத் தெரியும், அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் மூச்சு வந்திருக்கும்.

தப்பாகச் சொன்னால் நிறுத்தித் திருத்தாதே. "வேர் யூ கோயிங் அக்கா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "வேர் ஆம் ஐ கோயிங்? ஐ ஆம் கோயிங் டு த ஷாப்" என்று சரியான வடிவத்தை உன் விடையில் வைத்துக் கொடு. காது எடுத்துக்கொள்ளும். நடுவில் தமிழ் வந்தால் அதற்கு அபராதமும் வேண்டாம், முகச்சுளிப்பும் வேண்டாம். தமிழில் யோசிக்கிற பிள்ளைதான் இங்கிலீஷில் சொல்வதற்கு ஏதாவது வைத்திருக்கும்.

இன்னொன்றைச் சொல்ல எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. வழக்கமான கேள்விப் பட்டியலில் "வாட் இஸ் யுவர் ஃபாதர்?" என்று ஒன்று இருக்கும். ஒரு வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் வரிசையில் அதையும் கேட்டேன். அவன் அப்பா வீட்டைவிட்டுப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஊருக்கே தெரிந்த செய்தி, நான் விசாரித்திருக்கவில்லை. அவன் பதில் சொல்லாமல் நின்றான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியவில்லை என்று நினைத்து, "மை ஃபாதர் இஸ்..." என்று எடுத்துக் கொடுத்தேன். அந்த அரை வாக்கியத்தை நான் எத்தனையோ முறை திரும்ப விழுங்கப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு "ஹூ லிவ்ஸ் வித் யூ?" என்றுதான் கேட்பேன். பாட்டி, சித்தி, ஆட்டுக்குட்டி என்று யாரைச் சொல்ல விரும்புகிறதோ பிள்ளை அவர்களைச் சொல்லும். உண்மையான விடையை எதிர்பார்க்கிறவர்கள், அந்த உண்மை பிள்ளையைச் சுடாத கேள்வியாகப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அம்மாக்கள் வந்து, "எம்புள்ளைய ஏதாச்சும் இங்கிலீஷ்ல பேசச் சொல்லு கண்ணு, கேக்கலாம்" என்பார்கள். அவர்கள் ஆசை நியாயமானது. தங்களுக்கு மறுக்கப்பட்ட ஒன்றைப் பிள்ளை வாயில் கேட்கத் துடிக்கிறார்கள். ஆனாலும் பிள்ளையை நிறுத்தி ஒப்பிக்க வைக்காதே. அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல். "டூ யூ வான்ட் வாட்டர்?" என்று கேட்டு, ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கட்டும். எதற்காக இந்த மொழி என்று இருவருக்கும் அப்போது தெரியும்.

அந்தக் காய்ச்சல்காரச் சிறுமியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. மறுநாளிலிருந்து நான் கூட்டமாகக் கேட்பதை நிறுத்தினேன். தினமும் ஐந்து பேரிடம் மட்டும், பக்கத்தில் போய் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, "ஹவ் ஆர் யூ?" என்று கேட்பேன். முதலில் எல்லோரும் "ஃபைன்" என்றார்கள். இரண்டு வாரம் கழித்து ஒருவன் "நோ ஃபைன் டீச்சர், ஸ்டமக்" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினான். மெல்ல மெல்லப் பசியும் தூக்கமும் அண்ணன் அடித்ததும் அந்த மொழிக்குள் வந்தன. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பலகையில் எழுதிவிட்டுத் திரும்பி நாற்காலியில் சாய்ந்தேன். அந்தச் சிறுமி எழுந்து வந்தாள். என் கையை அவள் கையால் தொட்டுப் பார்த்தாள்.

"டீச்சர், யூ ஃபீவர்?"

'ஆர்' இல்லை, 'ஹாவ்' இல்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள இங்கிலீஷில் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

நீயும் உன் பிள்ளைகளும் அங்கே போய்ச் சேர்வீர்கள். அவசரமில்லை. இப்போது எனக்கு விடை தெரியாத கேள்வி ஒன்றை உன்னிடம் கேட்கிறேன்: உன் பதினைந்து பேரில் இதுவரை ஒரு கேள்விகூடக் கேட்காத பிள்ளை யார்? நாளை சாயங்காலம் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார். என்ன நடந்தது என்று எழுது. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தை